பிரெசிஷன் வாங்கவா, ஜாஸ் வாங்கவா?

தென் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 33. ஊர் ஆலயத்துப் பாடகர் குழுவில் 11 வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறார். இதுவரை வாசித்தது ஆலயத்துக்குச் சொந்தமான பழைய கிட்டார். அதன் நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) வளைந்துவிட்டது, மேல் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில்) சுருதி நிற்பதில்லை. இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இப்போது கைக்கு வந்திருக்கிறது. முதல் சொந்த கிட்டார் வாங்கப் போகிறார்.

ஃபெண்டர் கம்பெனியின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசையில் இரண்டு கிட்டார்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார். ஒன்று 60களின் பிரெசிஷன் பேஸ் பாணி, இன்னொன்று 60களின் ஜாஸ் பேஸ் பாணி. வீட்டில் செல்போனில் ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் ஜாஸ்தான் பிடிக்கிறது. ஊரிலிருந்து இரண்டு முறை பஸ் ஏறிப்போய்க் கடையில் வாசித்தபோது பிரெசிஷன் பிடித்திருக்கிறது. "என் காதையே நம்ப முடியவில்லை ஐயா" என்கிறார். ஜாஸ் வாங்கினால் ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளை) அணைத்துவிட்டு பிரெசிஷன் சத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். சின்னக் கைக்கு ஜாஸ்தான் சரி என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கொயர் மாஸ்டரும் ஜாஸ் பக்கம்தான். மனைவி மட்டும், "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்று கேட்டிருக்கிறார். ஆன்லைனில் விலை குறைவு, அங்கே வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை படித்தபோதே ஒரு வரியின் கீழ் கோடு போட்டுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் காதின் மேல் நீங்கள் போட்டிருக்கும் பழியை எடுத்துவிட வேண்டும். நான் பேஸ் வாசிப்பவன், கிட்டார் பழுதுபார்ப்பதும் என் தொழில். உங்களைப் போலவே குழம்பிப் போய் வந்த பலரை என் மேசைக்கு எதிரில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காதில் குறை எதுவும் இருந்ததில்லை. கேட்ட இடம்தான் மாறியிருந்தது.

செல்போனில் கேட்டதும் கடையில் கேட்டதும்

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான ஈ, வெறுங்கம்பியாகத் தட்டினால் ஒரு நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அதற்கடுத்த ஏ 55, டி 73, ஜி 98. செல்போன் ஸ்பீக்கர் ஒரு விரல்நகம் அளவுதான் இருக்கும். அந்த அளவு ஆழத்தைத் தள்ளிக்கொடுக்க அதனால் முடியாது. 200, 300 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு அத்தனை அதிர்வுக்கு) கீழே அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வருவதில்லை. அப்படியானால் வீடியோவில் பேஸ் எப்படிக் கேட்கிறது? ஒவ்வொரு கம்பியும் அடிப்படைச் சுரத்தோடு சேர்த்து அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளையும் எழுப்பும். போனில் வருவது இந்த மேல் அதிர்வுகள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு கீழே என்ன சுரம் இருந்திருக்கும் என்று மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

ஜாஸ் பேஸில் அந்த மேல் அதிர்வுகள் அதிகம். அதனால் போனில் ஜாஸ் தெளிவாகவும் அழகாகவும் கேட்கும், பிரெசிஷன் ஏதோ போர்வைக்குள் இருந்து வருவது போலத் தோன்றும். பிரெசிஷனின் பலம் இருப்பதோ போனால் தர முடியாத கீழ்ப்பகுதியிலும் அதற்குச் சற்று மேலேயும்தான். நீங்கள் வீட்டில் கேட்டது பாதி பிரெசிஷன்.

இன்னொரு காரணமும் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு ஆழமான சுரங்கள் சரியாக எட்டுவதில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்தே காட்டிவிட்டார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்டால் கீழ்ப்பகுதி இன்னும் காணாமல் போகும். கடையில் ஆம்பை (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) ஓரளவு திறந்து வாசித்தபோதுதான் அது உங்கள் வயிற்றில் வந்து விழுந்திருக்கிறது. ஆக, இரண்டு இடத்திலும் உங்கள் காது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஆலயத்தில் நீங்கள் வாசிக்கப் போவது கடைச் சத்தத்திலா, செல்போன் சத்தத்திலா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோவில் வாசித்தவர் என்ன கம்பி போட்டிருந்தார், நேராக மிக்ஸருக்குள் போனாரா, பிறகு எவ்வளவு திருத்தினார் என்பதும் நமக்குத் தெரியாது. அதனால் வீடியோவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எந்த மாதிரி வாசிக்க ஆசை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பாருங்கள்.

இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸை 1951-இல் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு, ஃப்ரெட் வைத்த நெக்கில் சுருதி துல்லியமாக விழுந்தது. பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்று நாம் பார்க்கும் இரண்டாகப் பிரிந்த பிக்கப் 1957-இல் வந்தது. ஜாஸ் பேஸ் 1960-இல். இரண்டுக்கும் கம்பியின் நீளம் ஒன்றே, 34 அங்குலம். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலமும் (பிரிட்ஜ்) உங்கள் மனைவி சொன்னது போல ஏறக்குறைய ஒன்றுதான். சத்தத்தைப் பிரிப்பது முக்கியமாக பிக்கப்.

பிரெசிஷனில் ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு சுருள், டி, ஜி கம்பிகளுக்கு ஒரு சுருள். இரண்டும் சேர்ந்து ஒரே பிக்கப்பாக, ஒரே இடத்திலிருந்து கம்பியைக் கேட்கின்றன. அதனால் சத்தம் ஒரே கட்டியாக, நடுப்பகுதி தடித்து வரும். நாப் இரண்டுதான், ஒன்று வால்யூம், ஒன்று டோன் (மூடினால் மேல் அதிர்வுகளைக் குறைப்பது).

ஜாஸில் பிக்கப் இரண்டு. ஒன்று நெக் பக்கம், ஒன்று பாலத்துக்கு அருகில். கம்பி பாலத்தருகே குறைவாகத்தான் ஆடும். அங்கே அடிப்படைச் சுரம் மெலிந்து, மேல் அதிர்வுகள் தூக்கலாக இருக்கும். மூக்கால் பேசுவது போன்ற அந்தச் சத்தம் அங்கிருந்து வருவதுதான். இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறந்தால், இரண்டு இடத்தில் கேட்ட அதிர்வுகள் சிலவற்றில் ஒன்றையொன்று கூட்டும், சிலவற்றில் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரும்பாலும் தின்னப்படுவது நடுப்பகுதி. தனியாக வாசிக்கும்போது அது பளபளவென்று பட்டுத் துணி மாதிரி இருக்கும். கடையில் உட்கார்ந்து தனியாக வாசிப்பவர்கள் அதில் மயங்குவது இயல்பு. ஆனால் கீபோர்டு, டிரம் பேட், 25 குரல்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது பேஸைக் காதுக்குக் கொண்டுவருவது அந்த நடுப்பகுதிதான். அது இல்லாவிட்டால் "பேஸ் கேட்கவில்லை, கூட்டு" என்பார்கள். கூட்டினால் கூடம் அதிரும், சுரம் கேட்காது. ஜாஸ் வாசிப்பவர்கள் இதற்குச் செய்வது எளிது. பாலத்துப் பக்க வால்யூமைக் கொஞ்சம் இறக்கினாலே நடுப்பகுதி திரும்பி வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் தம்பி இடது கையை விடாமல் கீழேயே வைத்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த கிட்டார் வாங்கினாலும் இது தீராது. அவரிடம் அன்பாகப் பேசி, கீபோர்டின் நடுவில் இருக்கும் சி சுரத்துக்குக் கீழே ஒரு எல்லை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புது கிட்டார் தரும் தெளிவைவிட அந்த ஒரு பேச்சு அதிகம் தரக்கூடும்.

ஜாஸ் வாங்கினால் பிரெசிஷனும் கிடைக்குமா?

நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஜாஸின் நெக் பக்க பிக்கப், பிரெசிஷனின் பிக்கப் இருக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் திறந்து, டோன் நாபைச் சற்று மூடினால் பிரெசிஷனின் ஜாடை வரும். ஆனால் சுருளின் அமைப்பு வேறு. பிரெசிஷனில் இரண்டு சுருள்கள் தொடராகக் கோத்திருக்கின்றன. ஜாஸில் நான்கு கம்பிகளுக்கும் சேர்த்து ஒரே மெல்லிய நீளச் சுருள். அந்த முட்டித் தள்ளும் தடிமன் அதில் வராது. இரண்டு சத்தமும் வேண்டும் என்பவருக்கு இந்த ஜாடை போதும். பிரெசிஷன்தான் வேண்டும் என்பவருக்குப் போதாது.

நண்பர் சொல்லாமல் விட்டதுதான் உங்களுக்கு முக்கியம். ஜாஸில் ஒரு பிக்கப்பை அணைத்தால் இரைச்சல் வரும். இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடும். ஒன்றை மட்டும் வைத்தால் அந்தக் காப்பு போய்விடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சலும் 50-இலும் அதன் மடங்கான 100-இலும் வரும். ஜி வெறுங்கம்பி 98, ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் 49. ஜி மேஜர் சுருதியில் கீர்த்தனை பாடும்போது உங்கள் சுரமும் இரைச்சலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று ஒன்றோடொன்று உரசும், நீண்ட சுரங்களில் ஒரு மெல்லிய அலைபோலக் கேட்கும். பழைய ட்யூப் லைட்டும், விசிறி ரெகுலேட்டரும், சரியில்லாத எர்த்தும் உள்ள கட்டடத்தில் இது பெரிய தொல்லை. பிரெசிஷனின் பிக்கப்பில் இரண்டு சுருளும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்வதால் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

எர்த் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இழுக்கிறதென்றால், அன்றே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆலயத்துப் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு ஜெனரேட்டரில் போடும் மேடைகளில் இன்னும் கவனம் தேவை. இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிர் போகும் வேலை அது. யாரும் செய்ய விடாதீர்கள்.

சின்னக் கை

கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் கலந்திருக்கிறது. விரலை விரிக்க வேண்டிய தூரத்தை முடிவு செய்வது கம்பியின் நீளம். அது இரண்டிலும் 34 அங்குலம்தான். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை இரண்டிலும் ஒரே தூரம், ஜாஸ் வாங்கியதால் சுண்டுவிரல் கூடுதலாக எட்டப்போவதில்லை. மாறுவது நெக்கின் அகலம். நட் (நெக்கின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) இருக்கும் இடத்தில் ஜாஸ் சுமார் 38 மில்லிமீட்டர், பிரெசிஷன் 41, 42. உள்ளங்கையைச் சுற்றிப் பிடிப்பதிலும் கம்பி விட்டுக் கம்பி தாவுவதிலும் இந்த மூன்று, நான்கு மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும். சிலருக்கு ஜாஸின் மெல்லிய நெக் சுகம், சிலருக்குக் கம்பிகள் நெருக்கமாக இருப்பதே தடுமாற்றம்.

அரை மணி நேரம் வாசித்ததில் கட்டை விரலின் அடியில் வலி வந்ததா, இல்லையா? அதுதான் கேள்வி. நீங்கள் பிரெசிஷனை முக்கால் மணி நேரம் வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள், வலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. மணிக்கட்டில் ஏற்கெனவே தொல்லை இருந்தால் மட்டும் இதை மறுபடி யோசியுங்கள்.

விரலும் கம்பியும்

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். ஆலயத்து கிட்டாரையே எடுங்கள். நாப் எதையும் தொடாமல், ஒரே சுரத்தை வலது கை விரலால் நெக் முடியும் இடத்துக்கு மேலே தட்டுங்கள். அப்புறம் பிக்கப்புக்கு மேலே. அப்புறம் பாலத்துக்கு இரண்டு விரல் தள்ளி. மூன்று கிட்டார் வாசித்த மாதிரி இருக்கும். வலது கை எங்கே இருக்கிறது, நுனியால் தொடுகிறீர்களா சதையால் தொடுகிறீர்களா, எவ்வளவு அழுத்தம் என்பவை சேர்ந்து மாற்றும் அளவுக்கு, இரண்டு கிட்டார்களுக்கு நடுவிலான வித்தியாசம் மாற்றுவதில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கிட்டார் 1962-இல் செய்த பிரெசிஷன். ஃபிளாட்வவுண்ட் (மேலே தட்டையான நாடா சுற்றிய, வழவழப்பான) கம்பி போட்டிருப்பார், லேசில் மாற்றமாட்டார். பாலத்தருகே கம்பிக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். ஜாஸ் இசையில் பெயர்பெற்ற பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் வாசித்ததும் 1962-ஆம் ஆண்டு ஜாஸ், ஃப்ரெட் இல்லாத நெக், பெரும்பாலும் பாலத்துப் பக்க பிக்கப், கையும் பாலத்தருகே. ஒரே கம்பெனி, ஒரே வருடம். அந்த இரண்டு சத்தங்களின் தூரத்தில் பிக்கப்புக்குப் பங்கு உண்டு என்றாலும், கம்பியும் விரலும் எடுத்துக்கொண்ட பங்கு பெரியது.

80களின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் போலவே நடந்துபோகும், அந்தச் சத்தம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பேஸ் மேல் பைத்தியம் பிடித்தது அந்தப் பாடல்களைக் கேட்டுத்தான். அதில் நாம் கேட்பது வாசித்தவரின் கை, அன்றைய ஒலிப்பதிவுக் கூடம், நாடாவில் பதிந்த விதம் எல்லாம் கலந்த ஒன்று. அந்த நடையை நீங்கள் எந்த கிட்டாரிலும் வாசிக்கலாம். சுரம் முடியும் இடத்தில் இடது கை விரலைத் தளர்த்தி ஒலியைச் சுருக்கமாக வெட்டிப் பாருங்கள், பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

கம்பி பற்றி ஒரு சம்பவம். சில காலம் முன்பு ஒரு இளைஞர் தன் பிரெசிஷனை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். "முணுமுணுக்குது, ஜாஸ் வாங்கப் போறேன்" என்றார். கம்பியைத் தடவியதும் விரலில் கறுப்பு ஒட்டியது. சுற்றுக் கம்பியின் இடுக்கெல்லாம் வியர்வை அழுக்கு இறுகி, ஃப்ரெட் படும் இடங்களில் கம்பி நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. ஈ கம்பிப் பக்கத்து பிக்கப் உள்ளே அமுங்கிக் கிடந்தது. புது நிக்கல் ரவுண்டுவவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பி போட்டு, பிக்கப்பை ஏற்றி, நெக்கைச் சரிசெய்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரத்தைச் சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். வாசித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. விற்காமலே எடுத்துக்கொண்டு போனார். கடையில் நீங்கள் பார்த்த இரண்டில் ஒன்றில் பலர் வாசித்த பழைய கம்பியும் இன்னொன்றில் புதுக் கம்பியும் இருந்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது முதலில் அதைத் தடவிப் பாருங்கள்.

ஃப்ரெட் பதித்த பலகையின் மரம் ரோஸ்வுட்டா மேப்பிளா என்றும் கேட்டிருந்தீர்கள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நிறம் பிடித்ததை வாங்குங்கள்.

கடைசியாக ஒரு முறை கடைக்குப் போங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், மனைவியே வந்தால் ரொம்ப நல்லது. உங்கள் சொந்த கேபிளை எடுத்துப் போங்கள். ஒரே ஆம்ப், அதில் எல்லா நாபும் நடுவில். கிட்டாரில் டோன் முழுசாகத் திறந்திருக்கட்டும். முக்கியமாக, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதைத்தான் காது "நல்லது" என்று சொல்லும், இதில் ஏமாறாதவர் யாரும் இல்லை.

இரண்டிலும் அதே இரண்டு பாடல்களை வாசியுங்கள். ஒன்று மெதுவான பாமாலை, நீண்ட சுரங்களோடு. இன்னொன்று ஆராதனையில் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வேகமான பாட்டு. கடையில் சிறிய மிக்ஸர் இருந்தால் அதன் வழியாகப் பதிந்துகொள்ளுங்கள், போன் மைக்கில் பதிந்தால் பழைய குழப்பமே திரும்ப வரும். எது எந்த கிட்டார் என்று குறிக்காமல், கூட வந்தவர் ஒன்று, இரண்டு என்று மட்டும் பெயர் வைக்கட்டும். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது ஆலயத்து ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். கூடவே பாடகர் குழுவையும் பாடச் சொல்லுங்கள். எதில் உங்கள் சுரம் பாட்டுக்கு அடியில் தெரிகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனா, கடையா?

விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் கடையில் வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு கிட்டார் எடுத்தாலும் நெக்கும் எடையும் கொஞ்சம் மாறும். நீங்கள் வாசித்துப் பார்த்த அந்த ஒரு கிட்டாரையே பில் போடச் சொல்லுங்கள், சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில்தான் என்றால், பெட்டி பிரிப்பதை முழுசாக வீடியோ எடுங்கள். அன்றே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்துப் பாருங்கள், நாப்களைத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நெக் திருகிப்போயிருந்தால், பிக்கப் வேலை செய்யாவிட்டால் அது பொருளின் குறை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் "சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பது குறையில் சேராது. அதற்குத் திருப்பி எடுப்பார்களா என்பது அந்தக் கடையின் விதியைப் பொறுத்தது, வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டுப் பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு செட்டப் (நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது), ஒரு செட் கம்பி, அகலமான ஸ்ட்ராப், நல்ல உறை, இவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் நெக் நகரும், ஆறு மாதத்தில் இன்னொரு முறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நான் கோடு போட்ட வரி

"ஜாஸை வாசித்தபோது பத்து நிமிடமும் நாபைத் திருகிக்கொண்டே இருந்தேன். பிரெசிஷனை எடுத்தபோது நாபைத் தொட்டதாகவே ஞாபகம் இல்லை, முக்கால் மணி நேரம் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் எனக்குப் பெரிய சாட்சி இதுதான். ஜாஸில் நீங்கள் ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். பிரெசிஷனில் தேடவில்லை, வாசித்தீர்கள்.

என் ஆலோசனை பிரெசிஷன். ஆலயத்தில் இரைச்சல் இருக்கிறது, கீபோர்டின் இடது கை கீழே இருக்கிறது, ஆராதனைக்கு நடுவே நாபைத் திருக நேரம் கிடையாது. இவை எல்லாமும் அந்தப் பக்கமே சாய்கின்றன. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல் ஃப்ரெட்டுகளில் பாடுவது போல வாசிப்பதும், கட்டை விரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப்பும் உங்கள் வழி என்று ஆகப்போகிறதென்றால், சில வருடத்தில் ஜாஸ் இல்லையே என்று தோன்றலாம். கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஆலயத்து ஸ்பீக்கரில் கேட்கும் சோதனையில் ஜாஸ் தெளிவாக ஜெயித்தால், என் பேச்சைத் தள்ளிவிட்டு அதையே வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து வைத்த பி-ஜே வகை கிட்டார்களும் உண்டு, ஆனால் முதல் கிட்டாருக்கு அதை நான் சொல்லமாட்டேன். நீங்கள் மறுபடி நாபைத் திருகத் தொடங்கிவிடுவீர்கள்.

கொயர் மாஸ்டர் உங்களைவிடப் பெரியவர், அவர் சொல்லைத் தட்டுவது கஷ்டம் என்று புரிகிறது. அவர் ஜாஸ் கேட்பது அனேகமாகத் தெளிவுக்காகத்தான். பதிந்ததை அவருக்கும் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். உங்கள் மனைவியிடம், அவர் சொன்னது சரிதான் என்றே சொல்லுங்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும் என்பதே போதுமான காரணம், அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாங்கியதும் முதல் மூன்று ஞாயிறு டோன் நாபைப் பாதியில் வைத்து வாசியுங்கள், கம்பியை மாற்றாதீர்கள். அப்புறம் முழுசாகத் திறந்து ஒரு ஞாயிறு. எது கூடத்தில் நன்றாக நின்றது என்று எழுதுங்கள், ஃபிளாட்வவுண்ட் போடலாமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.